சீட்டைத் தொட்டதும் சர்வரில் என்ன நடக்கிறது?

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு கைவந்துவிட்டது, பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் தனியாகப் படித்தாயிற்று, ஆனால் ஃப்ரண்ட்-எண்டும் பேக்-எண்டும் எந்த இடத்தில் எப்படி ஒட்டுகின்றன என்பதுதான் பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சி வகுப்புகள் பலவற்றில் இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்தி முடித்துவிடுகிறார்கள். நடுவில் இருப்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. வேலைக்குப் போன பிறகு வரும் தலைவலியில் பெரும்பங்கு அந்த நடுவிலிருந்துதான் வருகிறது. அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரிவது ஃப்ரண்ட்-எண்ட், தெரியாதது பேக்-எண்ட் என்பார்கள். தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. நான் பிரிக்கும் விதம் வேறு: இந்தக் கோடு (code), அதாவது நிரல், யாருடைய மெஷினில் ஓடுகிறது? ஃப்ரண்ட்-எண்ட் கோடு முழுக்கப் பயனருடைய போனிலோ லேப்டாப்பிலோ போய் ஓடுகிறது. அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். அதைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம், பாதியில் மூடிவிட்டும் போகலாம். பேக்-எண்ட் கோடு நம் சர்வரில் ஓடுகிறது. அதில் அவர் கைவைக்க முடியாது. எது எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விகளில் முக்கால்வாசிக்கு இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பதில் கிடைத்துவிடும்.

ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். தீபாவளிக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ் டிக்கெட் போடும் தளம் ஒன்றை நீங்கள் கட்டுகிறீர்கள்.

பயனர் முகவரியைத் தட்டியதும் பிரவுசர் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைச் சொல்லும் சேவை) மூலம் சர்வரின் ஐபி முகவரியைக் கண்டுபிடித்து, இணைப்பு ஏற்படுத்தி, "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று எச்டிடிபி (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) கோரிக்கை ஒன்றை அனுப்புகிறது. எச்டிஎம்எல் வருகிறது. அதைப் படித்துக்கொண்டே போகும்போது உள்ளே குறிப்பிட்டிருக்கும் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், படங்கள் எல்லாவற்றையும் பிரவுசர் தனித்தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கவனியுங்கள், ஃப்ரண்ட்-எண்ட் கோடும் ஒரு சர்வரிலிருந்துதான் வருகிறது. ஆனால் அங்கே அது வெறும் ஃபைல். பயனரின் கைக்கு வந்த பிறகுதான் அதற்கு உயிர்.

இப்போது திரையில் பஸ்ஸின் சீட் வரிசை வந்துவிட்டது. எது காலி, எது போய்விட்டது என்று பக்கத்துக்கு இன்னும் தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் "ஃபெட்ச்" என்ற கட்டளை மூலம் இந்தப் பயணத்தின் இருக்கை நிலவரத்தைக் கேட்கிறது. சர்வரில் அந்த முகவரிக்கென்று நீங்கள் ஃபிளாஸ்க், ஜாங்கோ போன்ற பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கில் எழுதிவைத்த ஃபங்ஷன் ஓடுகிறது. அது டேட்டாபேஸைக் கேட்டு, வந்த வரிகளை ஜேசனாக (தகவலை எழுத்தாக எழுதும் ஒரு வடிவம்) மாற்றித் திருப்பி அனுப்புகிறது. சர்வரில் பைத்தான் டிக்‌ஷனரியாக இருந்தது வழியில் வெறும் எழுத்தாகப் பயணித்து, பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட் ஆகிறது. அந்தப் பக்கம் பைத்தானா, ஜாவாவா, பிஎச்பியா என்று பிரவுசருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. நீங்கள் தேடும் ஒட்டும் இடம் இவ்வளவுதான்: எழுத்தாகப் போகும் ஒரு கோரிக்கை, எழுத்தாக வரும் ஒரு பதில். இதைத் தாண்டி மாயம் எதுவும் கிடையாது. நம்பிக்கை வரவில்லையென்றால் எஃப்12 அழுத்தி, பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் டேபைத் திறந்துவைத்துக்கொண்டு, உங்களுக்குப் பழக்கமான ஏதாவது ஒரு தளத்தில் நாலு பட்டனை அழுத்திப் பாருங்கள். போவதும் வருவதும் வரிசையாகத் தெரியும். ஒரு மாதப் பாடம் அந்த டேபில் இருக்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆரம்பத்தில் ஃபார்மை அனுப்பினால் முழுப் பக்கமும் சர்வரிலிருந்து புதிதாக வரும், திரை ஒருமுறை வெளுத்துத் திரும்பும். 1995-இல் ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. பக்கத்தை மாற்றாமலே பின்னால் சர்வரிடம் பேசும் வசதி 1999-இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் வந்தது. 2004-இல் ஜிமெயிலும் 2005-இல் கூகுள் மேப்ஸும் அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஃப்ரண்ட்-எண்ட் என்று தனி வேலையே உருவானது அதற்குப் பிறகுதான் என்று சொல்லலாம்.

சரி, சீட்டுக்கு வருவோம். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

14-ஆம் எண் ஜன்னல் சீட் பச்சையாகத் தெரிகிறது. தாம்பரத்தில் ஒருவரும் வேளச்சேரியில் ஒருவரும் ஒரே நொடியில் அதைத் தொடுகிறார்கள். இருவர் திரையிலும் அது காலிதான். ஏனென்றால் திரையில் இருப்பது சில நொடிகளுக்கு முன் சர்வர் சொன்ன நிலவரம். இது ஃப்ரண்ட்-எண்டின் அடிப்படைக் குணம்: அது காட்டுவது எப்போதும் கொஞ்சம் பழசு. எத்தனை முறை புதுப்பித்தாலும் இந்த இடைவெளி குறையுமே தவிரப் போகாது. அதனால் சீட் யாருக்கு என்பதை ஃப்ரண்ட்-எண்ட் தீர்மானிக்கவே முடியாது. "எனக்கு 14 வேண்டும்" என்று கேட்க மட்டும்தான் முடியும்.

தீர்ப்பு சொல்ல வேண்டியது பேக்-எண்ட். அங்கேயும் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முதலில் "14 காலியா?" என்று டேட்டாபேஸைக் கேட்பார்கள். காலி என்று வந்ததும் அடுத்த வரியில் "14 எடுத்தாயிற்று" என்று எழுதுவார்கள். சர்வர் ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கையாளும். இந்த இரண்டு வரிக்கும் நடுவில் இன்னொருவரின் கோரிக்கையும் "காலியா?" என்று கேட்டு, ஆமாம் என்ற பதிலை வாங்கிவிடும். ஒரு சீட்டுக்கு இரண்டு டிக்கெட். ராத்திரி பத்து மணிக்கு பஸ்ஸில் ஏறி இரண்டு குடும்பங்கள் சண்டை போடும். சரியான வழி, கேட்பதையும் எழுதுவதையும் ஒரே கட்டளையாக்குவது: "14 இப்போது காலியாக இருந்தால் மட்டும், எடுத்தாயிற்று என்று மாற்று." அந்த அப்டேட் எத்தனை வரிகளை மாற்றியது என்று டேட்டாபேஸ் திருப்பிச் சொல்லும். 1 என்றால் சீட் இவருக்கு. 0 என்றால் யாரோ முந்திவிட்டார். ஒரே வரியை ஒரே சமயத்தில் இருவர் மாற்ற டேட்டாபேஸ் விடாது. அந்த உத்தரவாதத்துக்காகத்தான் டேட்டாபேஸ் என்ற ஒன்றை வைத்திருக்கிறோம். கூடவே, பயண எண்ணும் சீட் எண்ணும் சேர்ந்து புக்கிங் டேபிளில் இரண்டாவது முறை வரக்கூடாது என்று யுனிக் கட்டுப்பாடும் போட்டுவிடுங்கள். நாளைக்கு வேறு யாராவது நிரலைக் கெடுத்தாலும் டேபிள் காப்பாற்றும்.

முந்த முடியாதவருக்கு என்ன பதில்? சர்வர் 409 (மோதல்) என்ற நிலைக்குறியீட்டோடு, அதாவது கோரிக்கை என்ன ஆயிற்று என்று சொல்லும் எண்ணோடு, "இந்த இருக்கை இப்போதுதான் போய்விட்டது" என்று அனுப்பும். இங்கே மறுபடியும் ஃப்ரண்ட்-எண்டின் முறை. நல்ல ஃப்ரண்ட்-எண்ட் 14-ஐச் சாம்பல் நிறமாக்கி, சீட் வரிசையைப் புதுப்பித்து, பக்கத்து ஜன்னல் சீட்டைக் காட்டும். மோசமானது "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று ஒரு பெட்டியைக் காட்டி முதல் பக்கத்துக்கு அனுப்பிவிடும். இரண்டு தளத்துக்கும் பின்னால் இருக்கும் கோடு ஒன்றாகவே இருக்கலாம். பயணிக்குக் கிடைக்கும் அனுபவம் வேறு. ஃப்ரண்ட்-எண்ட் வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சீட்டைப் பணம் கட்டும்வரை சில நிமிடம் பிடித்துவைப்பார்கள், திரையில் கவுண்ட்டவுன் ஓடும். அந்தக் கடிகாரம் தகவலுக்கு மட்டும். போன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் பயனருக்குக் கூடுதல் நிமிடம் கிடைத்துவிடக் கூடாது. எதுவரை பிடித்திருக்கிறோம் என்பது சர்வர் கடிகாரப்படி டேட்டாபேஸில் இருக்க வேண்டும்.

விலையும் அப்படித்தான். திரையில் 950 ரூபாய் என்று காட்டுகிறீர்கள். கோரிக்கையில் அந்த 950-ஐயும் சேர்த்து அனுப்பி, சர்வர் அதையே வாங்கிக்கொண்டு பேமெண்ட்டுக்குத் தள்ளினால், எஃப்12 தெரிந்த கல்லூரி மாணவர் அதை 9 என்று மாற்றி அனுப்புவார். கோரிக்கையில் பயண எண்ணும் சீட் எண்ணும் போதும், விலையைச் சர்வர்தான் கணக்கிட வேண்டும். போன் எண் 10 இலக்கமா, வயது சரியா என்ற சரிபார்ப்புகளை இரண்டு பக்கமும் எழுத வேண்டும். "ஒரே வேலையை ஏன் இரண்டு தடவை?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே வேலை இல்லை. முன்னால் இருப்பது பயனருக்குச் செய்யும் மரியாதை, தப்பை உடனே காட்டி அவர் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. பின்னால் இருப்பது பாதுகாப்பு. நேரம் இல்லையென்றால் முன்னால் இருப்பதைத் தள்ளிப்போடலாம், பின்னால் இருப்பதை ஒருநாளும் முடியாது.

கோரிக்கை அனுப்புவது யார் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? எச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் முன்பின் தெரியாதவர் வந்து நிற்பது மாதிரிதான். இதற்காக 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி குக்கீயைக் கொண்டுவந்தார். லாகின் ஆனதும் சர்வர் யூகிக்க முடியாத நீண்ட அடையாளக் குறி ஒன்றைக் குக்கீயாகக் கொடுக்கும். அதற்குப் பிறகு பிரவுசர் தானாகவே ஒவ்வொரு கோரிக்கையோடும் அதைச் சேர்த்து அனுப்பும். அந்தக் குக்கீயை ஜாவாஸ்கிரிப்ட் தொட முடியாதபடி "எச்டிடிபி-ஒன்லி" என்று குறித்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் எப்படியோ அந்நிய ஸ்கிரிப்ட் புகுந்தாலும் அதைப் படித்துக்கொண்டு போக முடியாது.

இப்போது பணம். சிறிய தளம் கட்டுகிறவர்கள் பலர் யோசிக்காத இடம் இது.

பயணி யுபிஐ ஆப்புக்குப் போய்ப் பணம் கட்டுகிறார். திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விடுகிறது, அல்லது மெமரி இல்லாமல் போன் அந்த பிரவுசர் டேபைக் கொன்றுவிடுகிறது. பணம் போய்விட்டது. "பணம் கட்டியாயிற்று" என்று சர்வரிடம் சொல்லும் பொறுப்பை ஃப்ரண்ட்-எண்டிடம் விட்டிருந்தால், சொல்ல ஆளில்லை. குறிப்பிட்ட நிமிடம் முடிந்ததும் சீட் வேறு ஒருவருக்குப் போய்விடும். சேர்த்துவைத்த காசில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டவர் அவர். பிரவுசரை நம்பியதற்கு அவர் விலை கொடுக்கக் கூடாது. அதனால்தான் பேமெண்ட் கேட்வேக்கள் (தளத்துக்காகப் பணத்தை வாங்கித் தரும் சேவைகள்) வெப்ஹூக் என்ற வழியை வைத்திருக்கின்றன. பணம் வந்ததும் கேட்வேயின் சர்வர் நேராக உங்கள் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லும், நடுவில் பிரவுசர் இல்லை. அந்தச் செய்தியில் இருக்கும் கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டு டிக்கெட்டை உறுதிசெய்யுங்கள். இல்லாவிட்டால் அந்த முகவரியைத் தெரிந்துகொண்ட யாரும் "பணம் வந்தது" என்று பொய் சொல்லலாம். ஒரே செய்தி இரண்டு முறை வருவதும் உண்டு. அதனால் இரண்டாவது முறை வந்தால் எதுவும் ஆகாதபடி எழுத வேண்டும்.

இதிலிருந்து பெரிய விஷயம் ஒன்று வருகிறது. ஒரு கோரிக்கைக்கு இரண்டு முடிவு என்றுதான் நினைப்போம்: நடந்தது, நடக்கவில்லை. நெட்வொர்க் நடுவில் இருக்கும்போது மூன்றாவதும் உண்டு: தெரியாது. பதில் வரவில்லை என்றால் கோரிக்கை போய்ச் சேரவில்லையா, அல்லது வேலை முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா என்று பிரவுசரால் சொல்லவே முடியாது. பயனர் மறுபடி அழுத்துவார், நாமும் அதைத்தான் செய்வோம். ஆகவே "புக் செய்" என்ற முயற்சிக்கு ஃப்ரண்ட்-எண்ட் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, மறுபடி அழுத்தினாலும் அதே எண்ணை அனுப்ப வேண்டும். சர்வர் அந்த எண்ணை முன்பே பார்த்திருந்தால், புதிதாக புக் செய்யாமல் பழைய பதிலையே திருப்பித் தரும். முதல் க்ளிக்கில் பட்டனைச் செயலிழக்கச் செய்வது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் பட்டன் மறுபடி உயிர்பெற்றுவிடும். அந்த எண்ணையும் அதனால் பிரவுசரின் ஸ்டோரேஜில் எழுதிவைக்க வேண்டும்.

அடுத்தது இரண்டு பக்கமும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். எந்த முகவரியில் எதைக் கேட்டால் என்ன வடிவத்தில் பதில் வரும் என்பதைத்தான் ஏபிஐ என்கிறோம். ஃபீல்டின் பெயரில் ஒரு எழுத்து மாறினால் திரை வெறுமையாக நிற்கும், அதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். கண்டுபிடிக்கக் கஷ்டமானவை, பெயர் சரியாக இருந்து அர்த்தம் மாறும் இடங்கள்.

தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 தீபாவளி அக்டோபர் 20. பயணி காலண்டரில் 20-ஐத் தொடுகிறார். ஜாவாஸ்கிரிப்டின் டேட் ஆப்ஜெக்டில் அது இந்திய நேரப்படி 20-ஆம் தேதி நள்ளிரவு 00:00. ஜேசனாக மாற்றும்போது அது யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்துக்குப் போய்விடும். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அனுப்பப்படுவது 2025-10-19, 18:30. சர்வர் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்தால் டிக்கெட் 19-ஆம் தேதிக்கு விழும். இரு பக்கக் கோடும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகவே தெரியும். பயண நாள் என்பது காலண்டரில் ஒரு கட்டம், கடிகாரத்தில் ஒரு நொடி இல்லை. அதை 2025-10-20 என்று வெறும் எழுத்தாக அனுப்புவதுதான் சரி. பஸ் புறப்படும் நேரம் உண்மையிலேயே ஒரு நொடி, அதை நேர மண்டலத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.

எண்களிலும் இது உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை பிழையில்லாமல் தாங்கும் மிகப்பெரிய முழு எண் 9007199254740991. டேட்டாபேஸ் 9007199254740993 என்ற புக்கிங் எண்ணைக் கொடுத்தால் பிரவுசரில் அது 9007199254740992 ஆகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. நீளமான அடையாள எண்களை எழுத்தாகவே அனுப்புங்கள். பணத்தைத் தசமமாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள்.

தமிழில் தளம் கட்டுகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, இதை ஆங்கிலப் பாடங்களில் பார்க்க முடியாது. அதே வழியில் வரும் கோவில்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 11 என்று வரும், ஏனென்றால் யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் மொத்தம் 33 பைட். ஃபார்மில் ஒரு கணக்கும் டேட்டாபேஸில் வேறு கணக்கும் வைத்து வரம்பு போட்டால், தமிழில் பெயர் எழுதுபவருக்கு மட்டும் ஃபார்ம் ஏற்க மறுக்கும். இன்னும் நுணுக்கமானது: "கோ"வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, துணைக்கால் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. டேட்டாபேஸில் ஒரு வடிவம், பயனரின் கீபோர்டு கொடுப்பது இன்னொரு வடிவம் என்றால், பைட் பைட்டாக ஒப்பிடும் தேடலில் "கோவில்பட்டி கிடைக்கவில்லை" என்று வரும். எழுத்தை உள்ளே வாங்கும் இடத்திலும் தேடும் இடத்திலும் என்எஃப்சி என்ற (இப்படிப்பட்ட இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும்) யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் டேபிளின் எழுத்துத் தொகுதியைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0-இலிருந்துதான் யூனிகோடு முழுவதையும் தாங்கும் யுடிஎஃப்8எம்பி4 இயல்பான அமைப்பாக வருகிறது. பழைய டேபிள்களில் தமிழைத் தாங்காத லத்தீன்1 இன்னும் உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் முதன்முதலாக இரண்டையும் இணைக்கும்போது நிச்சயம் முட்டும் சுவர் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மெஷினிலேயே ரியாக்ட் (திரையைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) பக்கம் 5173 போர்ட்டில் (ஒரே மெஷினில் ஓடும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்), ஃபிளாஸ்க் 5000 போர்ட்டில் ஓடும். போஸ்ட்மேனில் (ஏபிஐயைச் சோதிக்கும் கருவி) ஏபிஐ நன்றாக வேலை செய்யும், பிரவுசரில் சிவப்பாக "கோர்ஸ்" (CORS) எரர் வரும். போர்ட் வேறாக இருப்பதால் பிரவுசருக்கு இவை இரண்டு வெவ்வேறு தளங்கள். ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் பதிலைப் படிக்க, அந்த இன்னொரு தளத்தின் அனுமதி வேண்டும் என்பது பிரவுசரின் விதி. அனுமதியைச் சர்வர் பதிலின் ஹெடரில், அதாவது பதிலோடு வரும் தலைப்புக் குறிப்பில், சொல்ல வேண்டும். போஸ்ட்மேன் பிரவுசர் இல்லை, அதற்கு இந்த விதி கிடையாது. இதிலிருந்தே, கோர்ஸ் உங்கள் சர்வரைப் பாதுகாக்கும் பூட்டு இல்லை என்பதும் புரியும். அது காப்பது பயனரை, இன்னொரு தளம் அவர் குக்கீயைப் பயன்படுத்தி அவர் தகவலைப் படித்துவிடாமல். எரர் போகட்டும் என்று எல்லாத் தளத்துக்கும் அனுமதி கொடுக்கும் நட்சத்திரக் குறியைப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு சின்னது: சர்வர் 404-ஓ 500-ஓ அனுப்பினாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. பதில் வந்தது, அதன் வேலை முடிந்தது. நிலைக்குறியீட்டை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதேபோல, தப்பு நடந்தும் 200 என்று அனுப்பிவிட்டு உள்ளே "எரர்" என்று எழுதும் பேக்-எண்ட் பழக்கத்தை விட்டுவிடுங்கள். லாகின் இல்லை என்றால் 401, அனுமதி இல்லை என்றால் 403, உள்ளீடு தப்பு என்றால் 400, நம் பக்கக் கோளாறு என்றால் 500.

எதில் தொடங்குவது என்றால், இந்த சீட் புக்கிங்கையே கட்டுங்கள். ஒரு பயணம், நாற்பது சீட், ஒரு டேபிள், மூன்று ஏபிஐ: நிலவரம் கேட்க, சீட் பிடிக்க, உறுதிசெய்ய. ஃபிரேம்வொர்க் எதுவும் வேண்டாம், வெறும் ஜாவாஸ்கிரிப்டும் ஃபிளாஸ்கும் போதும். கோடு எழுதுவதற்கு முன் மூன்று ஏபிஐக்கும் கோரிக்கை எப்படி இருக்கும், பதில் எப்படி இருக்கும், தோற்றால் என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கட்டி முடித்ததும் நெட்வொர்க் டேபில் வேகத்தை "3ஜி"க்குக் குறைத்து இரண்டு விண்டோவில் ஒரே சீட்டைத் தொடுங்கள். பிறகு சர்வர் கோடில் சீட் பிடிக்கும் ஃபங்ஷனுக்குள், டேட்டாபேஸில் எழுதிய பிறகு பதில் அனுப்புவதற்கு முன், பத்து நொடித் தூக்கம் ஒன்றை வையுங்கள். அந்தப் பத்து நொடிக்குள் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து, மறுபடி அதே சீட்டைக் கேளுங்கள். நீங்களே பிடித்த சீட்டை "வேறு ஒருவர் எடுத்துவிட்டார்" என்று உங்களிடமே சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால், மேலே சொன்ன முயற்சி எண்ணைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.